பின் சீட்டா, டிரைவர் சீட்டா... உங்க சீட் எது பாஸ்?

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறீங்க. கறுப்பு கார் ஒண்ணு சத்தமே இல்லாம வழுக்கிட்டுப் போகுது. உடனே உங்க கேங்கில் பட்டிமன்றம் ஸ்டார்ட்! ‘பென்ஸ்தான் மச்சி ராஜா!’, ‘போடா, பி.எம்.டபிள்யூ முன்னாடி நிக்குமா?’, ‘ஆடி லைட்டைப் பார்த்தியா?’ பையில் இருக்கிறது பஸ் பாஸ். பேச்சு மட்டும் கோடியில்!

நானும் அந்த கேங்தான். போன செமஸ்டர் லீவில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக இன்டர்வியூ. ‘எந்த கார் பிடிக்கும்?’னு கேட்டார் ஒரு சீனியர். ‘பி.எம்.டபிள்யூ சார்.’ ‘ஏன்?’ ‘கெத்து சார்!’ சிரிச்சார். ‘சரி, அதுல இன்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுத்துது?’ நான் மூணாவது வருஷம் மெக்கானிக்கல். பேந்தப் பேந்த முழிச்சேன். ‘நெக்ஸ்ட்!’

அந்த ‘நெக்ஸ்ட்’ ரெண்டு நாள் தூங்க விடலை. கால் டிரைவரா இருக்கிற எங்க சித்தப்பாவைப் பிடிச்சேன். மூணு காரையும் ஓட்டினவர். ‘டேய், யாரை எந்த சீட்ல உட்கார வைக்கணும்னு நெனச்சு அந்தக் காரைச் செஞ்சான்னு பாரு. மிச்சம் தானா புரியும்’னார். பார்த்தேன். புரிஞ்சது!

பென்ஸ்: பெரியப்பா

குடும்பத்தில் மூத்தவர். கார்ல் பென்ஸ் தன் மூணு சக்கர வண்டிக்கு காப்புரிமை கேட்டது 1886-ல். ஆனா, அதை ஊருக்கே காட்டினது அவர் மனைவி பெர்தா. 1888-ல் வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம ரெண்டு பசங்களையும் ஏத்திக்கிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டுப் போயிட்டாங்க. வழியில எரிபொருள் தீர்ந்தப்ப மருந்துக்கடையில் வாங்கி ஊத்தினாங்களாம்!

பென்ஸோட கவலையெல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் மேலதான். மோதினா முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கணும், ஆளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுங்கிற டிசைனை 1959-லேயே காரில் கொண்டுவந்தாங்க. பாஷ் கம்பெனியோட சேர்ந்து ஏ.பி.எஸ். பிரேக்கை எஸ்-கிளாஸில் தந்தது 1978-ல். ‘பென்ஸ்ல ஓனர் அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவார்’ங்கிறார் சித்தப்பா. இன்னொரு மேட்டர்... 1954-ல் இருந்து டாடாவும் பென்ஸும் கூட்டா லாரி செஞ்சாங்க. நம்ம தாத்தாக்கள் அந்த நட்சத்திரத்தை முதல்ல பார்த்தது லாரி மூஞ்சியில்தான்!

பி.எம்.டபிள்யூ: மாமா

ஸ்டீயரிங்கை யாருக்கும் தராத மாமா. ஆரம்பத்தில் விமான இன்ஜின் செஞ்ச கம்பெனி. அதனால ‘லோகோவில் இருக்கிறது விமான விசிறி’ன்னு கதை விடுவாங்க. நம்பாதீங்க! அந்த நீலமும் வெள்ளையும் அவங்க பவேரியா மாநிலத்து நிறம். முன்னாடி இருக்கிற கிட்னி கிரில் 1933-ல் இருந்து தொடருது.

இப்ப என்னை வீட்டுக்கு அனுப்பின கேள்விக்கு வருவோம். பரம்பரை பி.எம்.டபிள்யூவில் இன்ஜின் சுத்துறது பின்சக்கரத்தை. முன்சக்கரத்துக்குத் திரும்புற வேலை மட்டும்தான். முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்ட பாதிப் பாதி. அதனால வளைவில் ரோடு கையிலேயே தெரியும். பென்ஸும் பரம்பரையா பின்சக்கரம்தான். ஆனா, அது பின் சீட்டுக்காரரைத் தாலாட்டும். இது டிரைவரைத் தட்டி எழுப்பும்.

ஆடி: அத்தை பையன்

நம்ம ஊரில் ‘ஆடி’ன்னா தள்ளுபடி. இதில் அது கிடையாது! ஆகஸ்ட் ஹோர்க்னு ஒருத்தர் தான் ஆரம்பிச்ச கம்பெனியை விட்டு வெளியே வந்து, 1909-ல் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சார். சொந்தப் பேரைக்கூட வைக்க முடியலை. ‘ஹோர்க்’னா ஜெர்மனில் ‘கேள்’. அதையே லத்தீனில் ‘ஆடி’ன்னு வெச்சுட்டார். நாலு வளையம்? 1932-ல் ஒண்ணா சேர்ந்த நாலு கம்பெனிகள்.

இப்ப ஃபோக்ஸ்வாகன் குடும்பம். பெரும்பாலும் முன்சக்கரம் இழுக்கும். 1980-ல் வந்த குவாட்ரோவில் நாலு சக்கரமும் இழுக்கும். வழுக்குற ரோட்டில் பிடி விடாது. அதுக்காக முடிச்சூர் வெள்ளத்தில் இறக்கிடாதீங்க, கப்பல் ஆகாது! 1985-ல் ஆஸ்திரேலியாவில் ரவி சாஸ்திரி பரிசா ஜெயிச்ச காரும் ஆடிதான்.

இங்கதான் ட்விஸ்ட்!

நம்ம நாட்டில் இவ்வளவு விலை கொடுத்து வாங்குறவர் பெரும்பாலும் பின் சீட்டில்தான் உட்காருவார். அதனால பென்ஸ் 2017-ல் இ-கிளாஸை நீட்டிச்சு பின்னாடி கால் நீட்ட இடம் தந்தது. ‘டிரைவர்தான் ராஜா’ன்னு சொன்ன பி.எம்.டபிள்யூவும் 2021-ல் 3 சீரிஸை நீட்டிடுச்சு. சின்ன மாடல்களில் மூணு பேருமே முன்சக்கரத்துக்கு வந்தாச்சு. நாம சண்டை போடுற ‘கேரக்டர்’ நம்ம ஆளுங்க உட்கார்ற சீட்டைப் பார்த்து மாறுது பாஸ்!

சரி, அந்த நீட்டின 3 சீரிஸ் எங்கே தயாராச்சு தெரியுமா? தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறி பரனூரில் இறங்குங்க. அங்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007-ல் திறந்த பி.எம்.டபிள்யூ ஃபேக்டரியில்! ஒரகடத்தில் 2012-ல் இருந்து பாரத்பென்ஸ் லாரி வருது. பி.எம்.டபிள்யூவுக்கு 2015-ல் இருந்து இங்கேயே இன்ஜின் கோர்க்கிறது ஃபோர்ஸ் மோட்டார்ஸ். புனே பக்கம் பென்ஸுக்கு இன்ஜின் கோர்க்கிறதும் இவங்கதான். பரம எதிரிகளுக்கு ஒரே சமையல்காரர்!

ஃபோர்ஸோட பழைய பேர் பஜாஜ் டெம்போ. ‘டெம்போ’ங்கிறது ஹாம்பர்க் நகரத்து வண்டி கம்பெனி பேர். அப்ப, வீடு மாத்தும்போது பீரோவுக்குப் பக்கத்தில் குந்திக்கிட்டுப் போனோமே... நாம ஏறின முதல் ஜெர்மன் பேர் அதுதான்!

பின் சீட்டும் டிரைவர் சீட்டும் இன்னிக்கு நம்ம பர்ஸுக்குத் தூரம். ஆனா, அந்த இன்ஜினைக் கோர்க்கிற இடம் லோக்கல் டிரெயின் டிக்கெட் தூரத்தில் இருக்கு. அங்கே உள்ளே போக லோகோ தெரிஞ்சா போதாது. பானெட்டைத் திறந்தா உள்ளே இருக்கிறது தெரியணும். அடுத்த மாசம் எனக்கு மறுபடி ஒரு இன்டர்வியூ. ‘கெத்து சார்’ மட்டும் சொல்ல மாட்டேன்!