உச்சாணிக் கூண்டும் ஊர் வாடகையும்

1933-இல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் வேலை வேண்டும் என்றால் விடியற்காலையிலேயே ஃபெர்ரி கட்டடத்துக்கு எதிரே போய் நிற்க வேண்டும். கங்காணி வருவான், கூட்டத்தை ஒரு நோட்டம் விடுவான், நீ, நீ, நீ என்று விரல் நீட்டுவான். அந்த விரல் தன் பக்கம் திரும்புவதற்காகச் சாராயப் புட்டி வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு, கூலியில் பங்கு வெட்டியவர்கள் உண்டு. நம் ஊரில் மாமூல் என்கிறோமே, அதேதான். 1933 முடிவில் கூலி மணிக்கு 85 சென்ட். அந்தப் பஞ்ச காலத்துக்கு அது குறைச்சலே இல்லை. ஆனால் வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கும் என்பது கங்காணிக்குத்தான் வெளிச்சம்.

கன்டெய்னர் தூக்கும் கிரேன் அப்போது கரையில் கிடையாது. கப்பலின் சொந்த வின்சுகள்தான் சரக்கைத் தூக்கின. வின்ச் ஓட்டுகிறவருக்குச் சரக்கறையின் அடி கண்ணில் படாது. விளிம்பில் நிற்கும் கூட்டாளி காட்டும் கைச்சைகையை நம்பித்தான் காபி மூட்டையை இறக்குவார். உள்ளே ஒரு கும்பல், கையில் கொக்கியோடு, ஒவ்வொரு மூட்டையாக இழுத்து அடுக்கும். ஒரு கப்பலைக் காலி செய்ய நாள்கணக்கில் ஆகும்.

1934 மே 9-இல் மேற்குக் கடற்கரை முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 5-இல் போலீஸ் சுட்டதில் சான் பிரான்சிஸ்கோவில் இருவர் இறந்தார்கள். அதையடுத்து ஊரே நான்கு நாள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அக்டோபரில் வந்த நடுவர் தீர்ப்பு மணிக்கு 95 சென்ட், ஆறு மணி நேர வேலைநாள், அதற்கு மேல் போனால் 1.40 டாலர் என்று வகுத்தது. ஆனால் தொழிலாளிகள் பெரிதாக நினைத்தது அந்தப் பத்து சென்ட்டை அல்ல. வேலையைப் பங்கிடும் கூடம் இருதரப்புக்கும் பொதுவானது, அதில் ஆளை அனுப்புகிறவரைத் தொழிலாளர் சங்கமே தேர்ந்தெடுக்கும் என்ற வரியைத்தான் கொண்டாடினார்கள். குறைந்த மணி நேரம் வேலை பார்த்தவருக்கு அடுத்த வேலை முதலில். கங்காணியின் விரலுக்கு அதற்குப் பிறகு வேலை இல்லாமல் போயிற்று.

அடுத்த பெரிய மாற்றம் இரும்பாக வந்தது. 1959 ஜனவரியில், வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அலமீடாவில், கன்டெய்னருக்கென்றே வடிவமைத்த முதல் கரைக் கிரேன் நின்றது. மேட்சன் கப்பல் கம்பெனிக்காகப் பேசெக்கோ நிறுவனம் செய்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு பெட்டி, 40,000 பவுண்டு வரை தூக்கும். ஒரு கும்பல் வின்சை வைத்துச் செய்ததைப்போல நாற்பது மடங்கு என்று கணக்குப் போட்டார்கள். கிரேன் வந்தது என்பதைவிட, கும்பலே கிரேன் ஓட்டுகிறவரின் கூண்டுக்குள் சுருங்கியது என்று சொல்லலாம்.

இங்கேதான் சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் பலரும் எதிர்பாராத காரியம் செய்தார். இயந்திரத்தை மறிக்கவில்லை, விலை பேசினார். 1960-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் ஒரு நிதியில் போட வேண்டும். துறைமுகத் தொழிலாளர் பட்டியலில் முதல் தரப் பதிவுள்ள யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. 25 ஆண்டு சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றால் 7,920 டாலர். பதிலுக்கு, எந்த இயந்திரத்தை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இது விலைபோன ஒப்பந்தம் என்று அன்றும் சிலர் திட்டினார்கள், இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. இருந்தவர்களுக்கு நல்ல பேரம், இனி வரவேண்டியவர்களின் இடங்களை விற்ற பேரம் என்பது என் கருத்து.

அந்த 7,920 டாலருக்கு அன்று என்ன மதிப்பு? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 1960-இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் இடைநிலை மதிப்பு 15,100 டாலர். பாதி வீட்டையே கையில் கொடுத்து அனுப்பியது போல. மூட்டை தூக்குகிறவரின் மணிக்கூலி அப்போது மூன்று டாலருக்குச் சற்றுக் குறைவு. வருடம் 2,000 மணி நேரம் என்று வைத்தால் மூன்று வருடச் சம்பளத்துக்குள் ஒரு வீடு அடங்கிவிடும்.

சான் பிரான்சிஸ்கோவுக்குள் விலை அதைவிடக் கூடுதல். அதிலும் கறுப்பினத் தொழிலாளிகளுக்குப் பணம் இருந்தாலும் பல தெருக்களில் வீடு கிடைக்காது. அவர்கள் குடியிருந்த வெஸ்டர்ன் அடிஷன் பகுதியை மறுசீரமைப்பு என்ற பெயரில் நகராட்சி இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த இடிபாட்டு நிலத்திலேயே சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நடத்திய ஓய்வூதிய நிதி இடம் வாங்கி, 1963-இல் செயின்ட் பிரான்சிஸ் ஸ்கொயர் என்ற கூட்டுறவுக் குடியிருப்பைக் கட்டியது. ஏறக்குறைய 300 வீடுகள். நடுவில் நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரின் வடிவமைத்த முற்றங்கள். எந்த இனத்தவரும் வரலாம். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்தான் வர வேண்டும் என்றும் இல்லை. சிறு முன்பணம், மாதக் கட்டணம். விட்டுப் போகும்போது சந்தை விலைக்கு விற்று லாபம் பார்க்க முடியாது. கூலியை எவ்வளவு உயர்த்தினாலும் வீட்டுக்காரன் அதைப் பிடுங்கிக்கொள்வான் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை இது. சங்க வரலாற்றில் துப்பாக்கிச்சூட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய சாதனையாகப் படுகிறது.

இதற்குள் துறைமுகமே எதிர்க்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் குறுகிய தோணித்துறைகளுக்குப் பின்னால் கன்டெய்னர் அடுக்க இடமில்லை. ஓக்லாந்தில் நிலம் இருந்தது, ரயில் இருந்தது. 1962-இல் சீலேண்ட் கம்பெனியின் கன்டெய்னர் கப்பல் அங்கே வந்து நின்றதும் போட்டி முடிந்த கதைதான்.

கிரேன் ஆபரேட்டர்களால் சங்கத்துக்குள்ளேயும் ஒரு பிளவு வந்தது. 1966 ஒப்பந்தத்தில் 9.43 என்ற பிரிவு, கிரேன் ஓட்டத் தெரிந்தவர்களைக் கூடத்தின் வழியாக அல்லாமல் கம்பெனியே நிரந்தரமாக வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. ஒரே சங்கத்து ஆட்கள்தான். ஆனால் கூண்டுக்குள் இருப்பவருக்கு மாதம் முழுக்க வேலை, கீழே நிற்பவருக்குக் கூடத்தில் காத்திருப்பு. வேலையைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்றுதானே 1934-இல் ரத்தம் சிந்தினோம் என்று கொதித்தார்கள். 1971 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். நீதிமன்றத் தடையால் இடையில் நின்று, மறுபடி தொடங்கி, மொத்தம் 134 நாள் நடந்தது. பிரிவு 9.43 அசையவில்லை.

இன்று ஓக்லாந்தில் கூண்டுக்குப் போக லிஃப்ட் இருக்கிறது. பத்து மாடி உயரத்துக்கும் மேல், காலடியில் கண்ணாடி. ஆபரேட்டர் முன்னால் குனிந்து, அந்தக் கண்ணாடி வழியாகவே கீழே பார்த்தபடி பெட்டியின் நான்கு மூலைகளில் பூட்டைப் பொருத்துவார். மணிக்கு 25, 30 பெட்டி. ஒரு கிரேனுக்கு இரண்டு பேர், ஷிஃப்டில் பாதி நேரம் ஒருவர், மீதி நேரம் மற்றவர். பாதி நேரம் உட்கார்ந்திருக்க முழுச் சம்பளமா என்று கேட்பவர்கள் அந்தக் கழுத்து வலியோடு ஒரு மாதம் வாழ்ந்துவிட்டுக் கேட்கலாம்.

2023-இல் முடிவான ஒப்பந்தம் ஆறு வருடத்தில் 32 சதவீத உயர்வு தருகிறது. அடிப்படை மணிக்கூலி 46.23 டாலரிலிருந்து படிப்படியாக 60.85-ஐத் தொடும். கிரேன் ஓட்டுகிறவருக்குத் திறன்படி தனி, இரவு ஷிஃப்டுக்குத் தனி. முழுநேர உறுப்பினரின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் டாலரை நெருங்குகிறது என்று முதலாளிகள் அமைப்பே பேச்சுவார்த்தைக் காலங்களில் தவறாமல் பத்திரிகைகளுக்குச் சொல்லும். அதைப் படித்துவிட்டு, கிரேன் ஓட்டியே லட்சாதிபதியா என்று வாய் பிளக்காதவர் இல்லை.

அந்த ஊரில் வீட்டு விலை கேட்டுவிட்டு வாயை மூடலாம். கலிபோர்னியாவில் ஒரு சாதாரண வீடு இப்போது ஏறக்குறைய 8 லட்சம் டாலர். சான் பிரான்சிஸ்கோவில் 10 லட்சத்துக்கு வெகு மேலே. மென்பொருள் பணம் ஏற்றிய விலை இது. ஃப்ரீமான்ட்டிலும் சான்டா கிளாராவிலும் வீட்டுக்குப் போட்டி போட்டு விலை கேட்கிறவர்களில் நம் தமிழ்ப் பொறியாளர்களும் உண்டு. 1960-இல் சாதாரணக் கூலித் தொழிலாளி மூன்று வருடச் சம்பளத்தில் வாங்கிய கலிபோர்னியா வீட்டுக்கு, அந்த 2 லட்சம் டாலர் சம்பாதிக்கும் முழுநேர உறுப்பினர் இன்று நான்கு வருடச் சம்பளம் கொடுக்க வேண்டும். அடிப்படைக் கூலிக்காரருக்கு எட்டு வருடம். வரி, வட்டி எல்லாம் சேர்க்காத தோராயக் கணக்குதான். சேர்த்தால் இன்னும் மோசமாகும். ஆன்டியாக், டிரேசி என்று கிழக்கே தள்ளிப் போய் வீடு பிடித்து, இருட்டோடு கார் ஏறுவது வளைகுடாப் பகுதித் தொழிலாளிகளின் வாடிக்கையாகிவிட்டது.

2018-இல் அமெரிக்க வீட்டுவசதித் துறை வெளியிட்ட பட்டியலில், சான் பிரான்சிஸ்கோவில் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 1,17,400 டாலர் வரை சம்பாதித்தாலும் குறைந்த வருமானக் குடும்பம்தான். 2023 ஒப்பந்தத்தின் முதல் உயர்வையும் சேர்த்து, அடிப்படைக் கூலியில் 2,000 மணி நேரம் உழைத்தால் வருவது 1,01,700 டாலர்.