எடையைக் கூட்டுங்கள், அட்டவணையை அல்ல

உடற்பயிற்சிக் கூடங்கள் கோவை, பொள்ளாச்சி போன்ற நகரங்களைத் தாண்டிச் சிற்றூர்களையும் எட்டிவிட்டன. அங்கு சேரும் இளைஞர்களின் ஆர்வத்தில் பெரும்பகுதி கைப்பேசித் திரையிலேயே கரைந்துபோகிறது. காலையில் பயிற்சி செய்வதா, மாலையிலா? எட்டு முறை தூக்குவதா, இருபது முறையா? எந்தப் புரதப்பொடி சிறந்தது? ஒரு காணொலி சொன்னதை அடுத்த காணொலி மறுக்கிறது. பயிற்சி அட்டவணை அடிக்கடி மாறுகிறது; தூக்கும் எடை மட்டும் மாறுவதில்லை.

பொருளியல் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். தேடலுக்கும் ஒரு விலை உண்டு. நேரமும் அறிவும் வரம்புக்கு உட்பட்டவை. ஆகவே ஆகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இராமல், போதுமான அளவு நல்லதைக் கண்டதும் மனிதர்கள் தேடலை நிறுத்திக்கொள்கிறார்கள் என்று விளக்கியவர் 1978-இல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன். தசை வளர்ப்பில் அந்தப் 'போதும்' எங்கே இருக்கிறது என்பதை ஆய்வுகள் ஏறத்தாழச் சொல்லிவிட்டன.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே பயிற்சி பெற்ற 49 இளைஞர்கள் இரு பிரிவாக 12 வாரங்கள் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் கனமான எடையை 8 முதல் 12 முறை தூக்கினர்; மற்றவர்கள் குறைந்த எடையை 20 முதல் 25 முறை. இரு தரப்பினரும் இனி ஒருமுறைகூட இயலாது என்னும் நிலைவரை தூக்கினர். தசை வளர்ச்சியில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எண்ணிக்கை பற்றிய விவாதத்தைவிட, அந்தக் கடைசிச் சில தூக்கல்களின் கடுமைதான் பொருட்படுத்தத்தக்கது என்றே இதைப் படிக்க வேண்டியுள்ளது.

புரதமும் அப்படித்தான். 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான பகுப்பாய்வின்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் உண்ணும் புரதத்தால் சராசரியாகக் கூடுதல் தசை கிடைப்பதில்லை. குறைந்துசெல் விளைவு விதிக்கு இதைவிடத் தெளிவான பாடம் வகுப்பறையில் கிடைப்பது அரிது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 96 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25, அதே அளவு கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உள்ளது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொன்னாலும், கொங்கு நாட்டுச் சமையலறையின் கொள்ளுப் பருப்பு இளைத்தவனுக்கும் ஆகும். சம்பளத்தில் கணிசமான பங்கைப் பொடி டப்பாவுக்குக் கொடுக்கும் இளைஞர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் உழைப்பு மட்டுமே போதுமா? வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து மூட்டையைச் சுமந்தபடி சரிவுகளில் ஏறி இறங்கும் பெண்களைவிடக் கடுமையாக உழைப்பவர்கள் யார்? ஆனால் உடல் பழகிக்கொள்ளும் தன்மையுடையது. ஆண்டுக்கணக்கில் சுமை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால், அதைச் சுமக்கத் தேவையான வலிமையோடு தசை நின்றுவிடுகிறது. ஓய்வும் ஊட்டமும் குறைந்தால் உழைப்பு உடலைத் தேய்க்கவும் செய்யும். அவர்களின் உழைப்பைக் காட்டி, 'அவர்களுக்கு உடற்பயிற்சி எதற்கு?' என்று கேட்பது அறியாமை.

தசைக்கு வேண்டியது படிப்படியாகக் கூடும் சுமை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், இம்முறையை 1945-இல் மருத்துவ உலகின்முன் வைத்தார். நம் தென்மாவட்ட ஊர்களில் பல எடைகளில் கிடந்த இளவட்டக்கற்களும் அந்த ஏணியின் படிகளே.

கருவிகள் இல்லாமலும் இது நடந்திருக்கிறது. 1952-இல் 'மிஸ்டர் யுனிவர்ஸ்' பட்டம் வென்ற வங்காளத்தின் மனோகர் ஐச், நாலடி பதினோரு அங்குல உயரம் கொண்டவர். பிரிட்டிஷ் அதிகாரியை அறைந்ததற்காகச் சிறை சென்று, அங்கே எந்தக் கருவியும் இன்றிப் பயிற்சி செய்தார். 2016-இல் தம் 104-ஆம் வயதில் மறைந்தார்.

சிந்தனைக்கு இதில் இடமே இல்லை என்பதல்ல. முதுகை வளைக்காமல் தரையிலிருந்து எடையை எடுக்கும் முறையை, தெரிந்தவரிடம் பொறுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் செலவிடும் சில வாரங்கள் வீணல்ல.

இந்த விவாதம் இளைஞர்களோடு முடிவதும் இல்லை. முதுமையில் தசை கரைவதுதான் தடுக்கி விழுவதற்கும், பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பதற்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. பாஸ்டன் நகரின் முதியோர் இல்லத்தில் சராசரியாக 90 வயதான, தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடுமையான எடைப்பயிற்சி அளித்தனர். அதை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது என 1990-இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவானது. நம் பகுதியிலேயே, பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயது கிட்டம்மாள், பேரன்களைப் பார்த்துப் பழகி 50 கிலோ எடையைத் தூக்கி, 2025-இல் கோவையில் நடந்த வலுதூக்கும் போட்டியிலும் பங்கேற்றார். இதயக் கோளாறோ மூட்டு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். மற்ற முதியவர்களுக்கு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதே முதல் வாரத்துக்குப் போதுமான பயிற்சி. அடுத்த வாரம் பன்னிரண்டு.