தலசீமியாவும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்: நோயாளர்களும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

இரத்தம் குறைவு என்றதும் சேலம், நாமக்கல் பகுதி வீடுகளில் சுவரொட்டி, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் ஆகியவற்றைத் தருவது வழக்கம். பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வரும் தலசீமியாவுக்கு இது பொருந்தாது. தொடர்ந்து இரத்தம் ஏற்றிக்கொள்பவரின் உடலில் இரும்பு மிகையாகவே இருக்கும்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால் என்ன?

இரும்பில் துரு ஏறுவது ஓர் ஆக்சிஜனேற்ற வினை. உடலிலும் இத்தகைய வினைகள் எப்போதும் நிகழ்கின்றன. அவற்றின் தீங்கை உடலே சரிசெய்துகொள்கிறது. தீங்கு அந்தத் தடுப்பாற்றலை மிஞ்சும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

தலசீமியாவில் இது ஏன் மிகுகிறது?

ஹீமோகுளோபின், ஆல்ஃபா, பீட்டா என்னும் இருவகைப் புரத இழைகளால் ஆனது. பீட்டா தலசீமியாவில் பீட்டா இழை போதிய அளவு உருவாவதில்லை. இணையற்ற ஆல்ஃபா இழைகள் சிவப்பணுவின் சவ்வில் படிந்து அதனைச் சிதைக்கின்றன.

மேலும், ஏற்றப்படும் ஒவ்வோர் அலகு இரத்தத்துடனும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலில் சேர்கிறது. உடல் இயல்பாக வெளியேற்றுவதோ நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராம் மட்டுமே. எஞ்சிய இரும்பு இதயம், கல்லீரல், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவற்றில் படிந்து அவற்றைப் பாதிக்கிறது.

செய்ய வேண்டியவை

• டெஃபெராசிராக்ஸ், டெஃபெரிப்ரோன் போன்ற இரும்பு நீக்க மருந்துகளை மருத்துவர் கூறியபடி தவறாது உட்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தினாலும் உடனே அறிகுறி தோன்றாது. ஆனால் உள்ளுறுப்புகளில் பாதிப்பு தொடரும்.
• டெஃபெரிப்ரோன் உட்கொள்வோருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கக்கூடும்.
• ஃபெரிட்டின் பரிசோதனையை உரிய காலத்தில் செய்துகொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

• இரும்புச்சத்து மாத்திரை, டானிக், சுவரொட்டி, ஈரல். பள்ளியில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தரப்பட்டால், குழந்தையின் நோய்நிலையை ஆசிரியரிடம் முன்னரே தெரிவியுங்கள்.
• மருத்துவர் பரிந்துரைக்காத வைட்டமின் சி மாத்திரை. இது சேமிப்பிலுள்ள இரும்பை விடுவித்து இதயத்தைப் பாதிக்கக்கூடும்.

கேழ்வரகு, கீரை போன்ற அன்றாட உணவை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. இரத்தம் வழியாகச் சேரும் இரும்போடு ஒப்பிட்டால் உணவின் பங்கு சிறிது.

தலசீமியா மரபணுவைத் தாங்கியிருந்தும் நோயற்றவர்கள், பரிசோதனையில் இரும்புக் குறைவு உறுதியானால் மட்டும் இரும்புச்சத்து மாத்திரையை உட்கொள்ளலாம்.

ஆலோசனைக்கு

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகுங்கள். 104 என்னும் உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.