'குவென்' என்னும் பெயர்

வேல்ஸ் நாட்டினர் தம் பெண்மக்களுக்கு நெடுங்காலமாக இட்டு வரும் பெயர்களுள் 'குவென்' ஒன்றாகும். பெயர்ப்பொருள் கூறும் சிறு நூல்கள் இதற்கு 'வெண்மையானவள்' என்று பொருளுரைத்து அமைந்துவிடுகின்றன. அது பிழையன்று, ஆயினும் போதாது. வெண்மையையும் பரிசுத்தத்தையும், ஏன், மேனி நிறத்தையுங்கூட ஒன்றாகக் கருதும் மயக்கம் நம் சபைகளில் இன்னும் நீங்கவில்லை. ஆதலின் இச்சொல்லைச் சற்று ஆராய்வோம்.

வெல்ஷ் மொழியில் 'குவின்' என்பது ஆண்பாற் பெயரடை; 'குவென்' அதன் பெண்பால். பழங்கெல்திய 'விந்தோஸ்' என்னும் சொல் இவற்றின் மூலம். பெண்பாற் பெயர்ச்சொல்லின் பின் இது வருங்கால் முதலிலுள்ள ககர ஒலி கெடும். புணர்ச்சி இலக்கணம் பயின்ற நமக்கு இது வியப்பன்று. மார்பைக் குறிக்கும் 'பிரான்' என்பதோடு சேர்ந்து 'பிரான்வென்' என்னும் பெயர் பிறந்தது இவ்வாறே. ஏழாம் நூற்றாண்டினராகக் கூறப்படும் 'குவென்விரெவி' அம்மையாரின் பெயரில் இச்சொல் முன்னிற்கிறது; ஆங்கிலேயர் அதனை 'வினிஃப்ரெட்' ஆக்கினர். அவரைப் பற்றிய அற்புதக் கதைகள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை என்பதை மட்டும் இங்குக் குறிப்போம்.

'குவின்' என்பதற்கு வெண்மை, அழகு, தூய்மை, பேறு எனப் பொருள் விரியும். இவ்விரிவை நன்கு விளக்குவது மலைப்பிரசங்கமே. வில்லியம் மார்கன் 1588-இல் வெளியிட்ட வெல்ஷ் வேதாகமத்தில், மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் நாம் 'பாக்கியவான்கள்' என்று வாசிக்குமிடத்தில் 'குவின் எய் பீட்' என்னும் தொடர் நிற்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'அவர்களுடைய உலகம் வெண்மையானது' என்றாகும்.

இங்கு வெண்மை ஆளுக்கு அடையன்று, உலகத்திற்கே அடையாய் நிற்பது நோக்கற்பாலது. அவ்வுலகமும் யாருடையது? ஆவியில் எளிமையுள்ளோர், துயரப்படுவோர், நீதியினிமித்தம் துன்பப்படுவோர் ஆகியோருடையது. உலகக் கணிப்பில் இருண்டு கிடக்கும் வாழ்வையே ஆண்டவர் இவ்வாறு அழைக்கிறார். நம் 'பாக்கியம்' என்னும் வடசொல் பங்கு, பகுதி என்னும் கருத்தினின்று எழுந்தது. வெல்ஷ் தொடரோ ஒளியினின்று எழுந்தது. கிரேக்க மூலச்சொல் ஒன்றே. அதனை அணுகும் வழிகள் வேறு.

இத்தொடர் இறுகி 'குவின்விட்' என்னும் ஒரே சொல்லாயிற்று; பேரின்பம் என்பது அதன் பொருள். அதன் பன்மையே மலைப்பிரசங்கத்தின் இப்பகுதிக்கு வெல்ஷ் மொழியில் வழங்கும் பெயர். 1988-இல் வெளிவந்த புதிய மொழிபெயர்ப்பும் பழந்தொடரை மாற்றவில்லை.