வனுவாட்டுத் தீவுகளில் மண்ணும் சுயராஜ்யமும்

பூகோளப் படத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் மகா சமுத்திரத்தில் மிளகைச் சிதறிவிட்டாற் போலச் சில புள்ளிகள் தென்படும். அவற்றுள் ஒரு கூட்டத்துக்கு வனுவாட்டு என்று பெயர். 83 தீவுகள், 2020-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி சுமார் 3 லட்சம் ஜனங்கள், அவர்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட பாஷைகள்! 'வனுவா' என்றால் நிலம். 'டு' என்றால் நிற்றல். நிலைத்து நிற்கும் நிலம் என்று தங்கள் தேசத்துக்குப் பெயர் வைத்துக்கொண்ட இந்த ஜனங்கள், சுதந்திரத்தின் பொருளையும் அந்த நிலத்திலேயே தேடினார்கள். அதன் பலன் என்ன என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

1774-இல் அங்கு வந்த காப்டன் குக், இத்தீவுகளுக்கு 'நியூ ஹெப்ரிடீஸ்' என்று பெயரிட்டார். பின்னர் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அவற்றின்மீது கண் வைத்தனர். இருவரில் எவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே 1906-இல் இருவரும் சேர்ந்தே ஆளத் தொடங்கினார்கள். இரண்டு போலீஸ், இரண்டு சிறை, இரண்டு வகைப் பள்ளிக்கூடம்! இவர்களுடைய கூட்டு நீதிமன்றத்துக்குத் தலைவரை நியமிக்கும் பொறுப்போ ஸ்பெயின் தேசத்து ராஜாவுக்கு! இவ்வளவு ஆடம்பரத்துக்கு நடுவில், மண்ணுக்கு உரியவர்கள் மட்டும் பிரிட்டிஷ் பிரஜையும் அல்லர், பிரெஞ்சுப் பிரஜையும் அல்லர். சொந்த வீட்டிலேயே அவர்கள் பெயரற்றவர்களாக இருந்தார்கள்.

பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம்மவர்கள் பட்ட துயரை நேயர்கள் அறிவார்கள். பீஜிக்கு அண்டையிலுள்ள இத்தீவுவாசிகளும் அத்தகைய துயருக்குத் தப்பவில்லை. 1863 முதல் நாற்பது வருஷ காலம், ஆயிரக்கணக்கான வாலிபர்கள் ஆசை காட்டியும் பலாத்காரமாகவும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துத் தோட்டங்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். ஆட்கள் போனதோடு நிலமும் போயிற்று. சில சாமான்களைக் கொடுத்து, காகிதத்தில் அடையாளம் வாங்கிக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் பெரும் பரப்புக்களைத் தென்னந் தோட்டங்களாக்கினார்கள். நிலத்தை உழுது பயிரிடப் பிறருக்கு அனுமதி தரலாம்; முன்னோரின் எலும்பு கிடக்கும் பூமியை அடியோடு விற்பது எப்படி? தீவுவாசிகளுக்கு அது விளங்கவே இல்லை.

எனவே அவர்களுடைய சுதந்திரக் கிளர்ச்சி நிலத்திலிருந்தே முளைத்தது. 1971-இல் தோன்றிய தேசியக் கட்சியின் தலைவர் வால்டர் லினி, ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த ஒரு பாதிரியார். கட்சி பின்னர் 'வனுவாக்கு பாட்டி' என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1979-ஆம் வருஷத் தேர்தலில் 39 ஸ்தானங்களில் 26-ஐ வென்றது. 1980 ஜூலை 30-ந் தேதி சுதந்திரம் வந்தது. அதே சமயம் ஸாண்டோ தீவில் பிரிவினைக் கலகம் ஒன்றும் மூண்டிருந்தது. அதை அடக்க லினி, சகோதர மெலனீஷிய நாடான பாப்புவா நியூ கினியின் துருப்புக்களை அழைத்தார்.

புதிய அரசியல் சட்டத்தின் 73-ஆவது ஷரத்து ஒரே வரியில் புரட்சி செய்துவிட்டது. தேசத்தின் நிலம் முழுவதும் பூர்வ குடிகளான பாரம்பரிய உரிமையாளருக்கும் அவர் சந்ததியாருக்கும் சொந்தம் என்றது அது. உரிமை யாருக்கு என்பதை வழக்கமே தீர்மானிக்கும். அவ்வழக்கத்தை அவர்கள் 'கஸ்டொம்' என்பார்கள். நம் காதுக்குக் 'கஷ்டம்' என்பது போல் ஒலிக்கும் அச்சொல்லில், சட்டம், சடங்கு, உறவு எல்லாம் அடக்கம். அங்கே வடதீவுகளில், ஒருவன் சேர்த்து வைத்ததால் பெரியவனாவதில்லை. பன்றிகளை வளர்த்துச் சடங்குகளில் வழங்கியே பதவி பெறுகிறான். பல வருஷம் பேணி வளர்த்த பன்றியின் வட்டமாய் வளைந்த கொம்புதான் இன்று தேசக் கொடியிலும் விளங்குகிறது. கொடுப்பவனே தலைவன் என்னும் இக்கொள்கையை 'மெலனீஷிய சோஷலிஸம்' என்று லினி உலகுக்கு எடுத்துரைத்தார்.

ஆனால் வாசலில் தடுக்கப்பட்டது கொல்லைப்புறமாக நுழைந்தது! நிலத்தை விற்கத்தான் கூடாது. 75 வருஷம் வரை குத்தகைக்கு விடலாம். உரிமையாளருக்குள் தகராறு இருந்தால், அவர்களுக்காக மந்திரியே கையெழுத்திடலாம் என்றும் இருந்தது. பல குத்தகைகளில், தவணை முடிந்தால் கட்டடங்களுக்கு ஈடு கொடுத்தே நிலத்தைத் திரும்பப் பெற முடியும். ஏழைக் குடியானவன் ஹோட்டல் மாளிகைக்கு ஈடு கொடுப்பது எப்போது? தலைநகர் போர்ட் விலா இருக்கும் எஃபாத்தே தீவில், 2010-ஐ ஒட்டிய காலத்துக்குள் கடற்கரையில் பாதிக்கு மேல் குத்தகையில் போய்விட்டது. பாட்டன் மீன் பிடித்த கரையில் பேரனுக்கு வேலி!

இந்நிலையில், மானிட இயல் கற்றவரும் தேசியக் கலாசார நிலையத்தின் தலைவராக இருந்தவருமான ரால்ஃப் ரெகன்வானு நிலத்துறை மந்திரியானார். 2013-இல் நிறைவேறி 2014-இல் அமுலுக்கு வந்த சட்டம், மந்திரியின் அந்த அதிகாரத்தைப் பறித்தது. உரிமையாளர் யார் என்பதை 'நகமால்' என்னும் ஊர்ப் பொதுச் சாவடி கூடித் தீர்மானிக்க வேண்டும் என்று விதித்தது.

வழக்கம் என்பதனாலேயே எல்லாம் நன்மை என்று சொல்லிவிட முடியாது. பல இடங்களில் நகமாலில் பெண்களின் குரலுக்கு இடமில்லை. 2020-ஆம் வருஷத் தேர்தலில் பார்லிமெண்டின் 52 ஸ்தானங்களில் ஒன்றைக் கூட ஒரு பெண்மணி பெறவில்லை. நிலத்தில் பாடுபடும் கைகளில் பாதி பெண்களுடையவை அல்லவா? கொடுத்துப் பெரியவனாகும் பண்பும் ஓட்டுப் பெட்டியின் அருகே லஞ்சமாகத் திரிந்துவிடக் கூடும். 2015-இல் லஞ்சக் குற்றத்துக்காக 14 அங்கத்தினர்கள் தண்டனை பெற்றார்கள். ஜனாதிபதி வெளிநாடு சென்றிருந்தபோது அவர் பொறுப்பை வகித்த சபாநாயகர், தாமும் குற்றவாளிகளில் ஒருவராக இருந்தும், தமக்கும் பிறருக்கும் மன்னிப்பு வழங்கிக்கொண்டார்! ஊர் திரும்பிய ஜனாதிபதி பால்ட்வின் லான்ஸ்டேல் அம்மன்னிப்பை ரத்துச் செய்தார்; குற்றவாளிகள் சிறை புகுந்தார்கள். பாதிரியாராக இருந்த அவர் அன்று காத்தது சட்டத்தை மட்டுமா? ஊர்ப் பெரியவர் என்ற சொல்லின் மானத்தையும் அல்லவா!

அபிவிருத்தி வேண்டாம் என்று இந்த ஜனங்கள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியும் சாலையும் பள்ளிக்கூடமும் அவர்களுக்கும் தேவை. அதற்குப் பணம் வேண்டி, அந்நியருக்குப் பிரஜா உரிமையை விற்கும் வழியைக் கூட அரசாங்கம் கைக்கொண்டது. அதே அரசாங்கம் 2007-ஐப் பாரம்பரியப் பொருளாதார வருஷமாகக் கொண்டாடவும் செய்தது. கிழங்குத் தோட்டமும் பன்றியும் பாயும் உள்ளவரை எவனும் பட்டினி கிடப்பதில்லை என்பது அதன் கருத்து. இந்த இரண்டு வழிகளுக்கும் இடையேதான் அவர்களுடைய அரசியல் ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

இப்போது நிலத்துக்கு வேறொரு சத்துரு முளைத்திருக்கிறது. பிற தேசங்களின் புகையால் சூடேறிய கடல் கரையை அரிக்கிறது. 2015 மார்ச்சில் 'பாம்' என்னும் புயல் தோட்டங்களை நாசமாக்கிற்று. வனுவாட்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அதன் முயற்சியால் 2023-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை இவ்விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்டது. பருவ நிலையைக் காப்பது தேசங்களின் சட்டக் கடமை என்று 2025 ஜூலை 23-ந் தேதி அந்நீதிமன்றம் அபிப்பிராயம் அளித்தது. தோட்ட முதலாளியிடமும் குத்தகைப் பத்திரத்திடமும் வாதாடிய ஜனங்கள், இப்போது உலகத்திடமே வழக்காடுகிறார்கள். வழக்கு அன்றும் இன்றும் ஒன்றுதான்: நிலம் நிற்க வேண்டும்.