மனநல மருத்துவரா, உளவியல் நிபுணரா? யாரிடம் போகணும்? என்ன வித்தியாசம்?

பல்வலி என்றால் பல் டாக்டர். கண் மங்கினால் கண் டாக்டர். ஆனால், "ரெண்டு மாசமா சரியா தூக்கமில்ல, எதுலயும் பிடிப்பே இல்ல" என்றால் யாரிடம் போவது?

புதுச்சேரிக்கு இது சாதாரண கேள்வி இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, இங்கு தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 29.7. நாட்டின் சராசரி 12.4 தான். சிக்கிம், அந்தமானுக்கு அடுத்து 3-வது இடம்.

மனநல மருத்துவர் யார்?

சைக்யாட்ரிஸ்ட் எனப்படும் இவர் முதலில் ஒரு டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். கோரிமேடு ஜிப்மரிலேயே இதற்கான எம்.டி. படிப்பு இருக்கிறது. சோர்வு, மந்தம் என்று போனால் தைராய்டு பரிசோதனை எழுதித் தருவார். தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியும் என்பதே காரணம்.

மருந்து எழுதும் உரிமை இவருக்கு உண்டு. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். ஒரே வாரத்தில் "பலன் இல்லை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். சிக்கலே அங்குதான்.

ஷாக் சிகிச்சை? சினிமாவில் கட்டிப்போட்டு கொடுப்பதெல்லாம் கதை. மயக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து இல்லாமல் அதைச் செய்ய 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை விதித்துள்ளது.

உளவியல் நிபுணர்?

சைக்காலஜிஸ்ட் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்ல, உளவியல் படித்தவர். மாத்திரை எழுத மாட்டார். பேச்சுவழி சிகிச்சையும் ஐ.க்யூ. போன்ற சோதனைகளும்தான் இவர் வேலை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. 'மனநல ஆலோசகர்' என்ற போர்டை மட்டும் பார்த்து உள்ளே போய்விட வேண்டாம்.

தேர்வு பயம், குடும்பச் சண்டை, பிரிவு என்றால் உளவியல் நிபுணரிடம் தொடங்கலாம். காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், நாள்கணக்கில் தூங்காமல் இருப்பது, தற்கொலை எண்ணம் என்றால் தாமதிக்காமல் மனநல மருத்துவர். பலருக்கு இருவரும் சேர்ந்தே தேவைப்படுவார்கள்.

யாரைப் பார்ப்பது என்றே புரியவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் முதல் செயல்படுகிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.