இரவுக் களரியும் பழைய கமெராவும்

எமது கிராமங்களில் படம்பிடித்து வைக்கவேண்டிய நிகழ்வுகள் பல பொழுது சாய்ந்த பின்னரே ஆரம்பமாகின்றன. வயல் வேலையும் கடல் வேலையும் முடிந்து கூடும் சங்கக் கூட்டம், திருவிழாக் கால நாடகம், விடியவிடிய ஆடப்படும் கூத்து என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றைப் பதிவுசெய்யப் பல கிராம அமைப்புக்களிடம் இருப்பது, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் எவரேனும் விட்டுச்சென்ற பழைய டிஜிற்றல் கமெரா ஒன்றுதான். பகலில் நல்ல படம் தரும் அதே கமெரா இரவில் எடுத்த படத்தைக் கணனியில் பெரிதாக்கிப் பார்த்தால், முகமெங்கும் மணலை அள்ளி வீசியது போலச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் தெரிகின்றன. கமெரா பழுதாகிவிட்டது என்று முடிவுசெய்து, எடுத்த படங்களை எல்லாம் அழித்துவிடுகிறார்கள்.

அழிக்கவேண்டாம் என்பதையே நாம் முதலில் சொல்ல விரும்புகிறோம். ஆட்டுவிக்கும் அண்ணாவியார் பெரும்பாலும் வயது சென்றவர். அடுத்த வருடம் அதே களரியில் அவரைக் காண்போம் என்பதற்கு எவரும் உறுதி சொல்ல முடியாது. புள்ளி விழுந்த படமானாலும் அவருடைய முகம் அதில் இருக்கிறது.

புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரே அளவான சிரட்டைகளை வரிசையாக வைத்ததாக நினைத்துக்கொள்வோம். அடைமழையில் எல்லாச் சிரட்டைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் சேரும். தூறல் மழையில் சிறிது நேரம் வைத்து எடுத்தாலோ ஒன்றில் மூன்று துளி, பக்கத்தில் ஏழு துளி என்றிருக்கும். கமெராவின் உள்ளே இருக்கும் உணரியும் இத்தகைய இலட்சக்கணக்கான சிரட்டைகளின் வரிசைதான். ஒளியும் துளித்துளியாகவே வந்து விழுகிறது. ஒரு சிரட்டையில் சராசரியாக 10,000 ஒளித்துளிகள் விழும்போது ஏற்ற இறக்கம் 100 அளவில், அதாவது நூற்றுக்கு ஒன்றாக இருக்கும். இதனைக் கண் உணராது. 100 துளிகள் மட்டும் விழும்போது ஏற்ற இறக்கம் 10, அதாவது நூற்றுக்குப் பத்து. அதுதான் மணலாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'நொய்ஸ்', அதாவது இரைச்சல், என்று பெயர்.

ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுவதால்தான் புள்ளி வருகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அந்த எண் உணரிக்குள் விழும் ஒளியைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. விழுந்ததைப் பெருக்கிக் காட்டுவதே அதன் வேலை. தூரத்து வானொலி நிலையத்தின் சத்தத்தைக் கூட்டும்போது பேச்சுடன் இரைச்சலும் கூடுவது போன்றது இது. குற்றம் சத்தத்தைக் கூட்டும் திருகியில் இல்லை. நிலையம் தூரத்தில் இருப்பதுதான் காரணம். இங்கே காரணம் வெளிச்சக் குறைவு.

பழைய கமெராக்களில் இன்னொரு குறையும் உண்டு. உணரி தரும் சிறிய மின்சமிக்ஞையை வாசித்து எண்ணாக மாற்றும் சுற்றுக்கள் தாமாகவும் சிறிது பிழையைச் சேர்க்கின்றன. இன்றைய கமெராக்களில் இது மிகக் குறைவு. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த கெனன் 350டி போன்றவற்றில் நிழற்பகுதிகளில் கோடுகோடாகக் கூடத் தெரியும். இதிலிருந்து ஒரு முக்கிய விடயம் பெறப்படுகிறது. புள்ளிக்குப் பயந்து ஐ.எஸ்.ஓ. 400இல் இருட்டாக எடுத்துவிட்டுப் பின்னர் கணனியில் வெளிச்சமாக்குவது இத்தகைய கமெராக்களில் கூடுதலான தீங்கையே தரும். உள்ளே முதலிலேயே பெருக்கினால் பின்னால் வரும் சுற்றுக்களின் பிழை அவ்வளவாகப் பெருகாது. கணனியில் பெருக்கும்போது அப்பிழையும் சேர்ந்தே பெருகும். ஆகவே 1600 தேவையானால் துணிந்து 1600ஐயே வைக்கவேண்டும்.

களரியில் ஒரு கணக்கு

350டியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 80 இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட இக்கமெராவின் ஐ.எஸ்.ஓ. 100 முதல் 1600 வரை செல்லும். ஆனால் முழுத் தன்னியக்க நிலையில் வைத்தால் அது 400ஐத் தாண்டாது. இருட்டைக் கண்டதும் பிளாஷைத் தூக்கிவிடும். சாதாரண வில்லையுடன் அந்தச் சிறு பிளாஷின் ஒளி ஐ.எஸ்.ஓ. 400இல் நாலரை மீற்றருக்குச் சற்று அப்பால் வரையே பயன்தரும். பத்து மீற்றர் தூரத்தில் இருக்கும் ஆட்டக்காரருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. முன்னால் இருப்பவர்களின் தலைகள்தான் வெள்ளையாகத் தெரியும். ஆடுபவரின் கண்ணைக் கூசச்செய்வதும் மரியாதையல்ல.

உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ். சில மின்குமிழ்கள் தொங்கும் களரியில் 40 லக்ஸ் இருப்பதாகக் கொண்டால், அது வெயிலின் 2,500இல் ஒரு பங்கு. கமெராவுடன் வரும் வில்லையை நெருக்கிப் பிடிக்கும் நிலையில் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தாலும் அதற்கு 1/8 செக்கன் தேவை. அந்த நேரத்தில் ஆட்டக்காரர் அசைந்துவிடுவார். படத்தில் ஒரு புகைதான் மிஞ்சும். அதே இடத்தில் எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. வில்லை ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 1/80 செக்கன் போதுமானதாகிவிடும். பெரிதாக்கிச் சுருக்கும் வசதி இல்லாத இச்சிறு வில்லை வில்லைகளுள் மலிவானது, பாவித்ததாகவும் கிடைக்கும். புதிய கமெராவுக்குப் பணம் சேர்க்கும் அமைப்புக்கள் முதலில் இதனை வாங்குவதே புத்தி என்பது எமது கருத்து.

கமெராவை 'எம்' என்ற கைமுறை நிலையில் வைப்பது நல்லது. சுற்றியுள்ள கரிய வானத்தைக் கண்டு ஏமாறும் கமெரா, இருட்டை வெளிச்சமாக்க முயன்று முகங்களை வெளிறச்செய்துவிடும். எமது நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுக்கள் கொண்டது. அதனால் ரியூப் லைற்றும் மலிவான எல்.ஈ.டி. மின்குமிழும் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த மங்கல், 1/125 அல்லது அதிலும் வேகமாக எடுத்தால் ஒரு படம் மங்கலாகவும் அடுத்தது பிரகாசமாகவும் வரக் காரணமாகும். 1/50, 1/100 ஆகியவை பாதுகாப்பானவை. இவ்வேகங்களில் துள்ளாட்டத்தை நிறுத்திப் பிடிக்க முடியாதுதான். ஆனால் தாளக்கட்டு முடிந்து ஆட்டக்காரர் ஒரு கணம் நிற்பார். மத்தளத்தைக் காதுகொடுத்துக் கேட்பவருக்கு அக்கணம் முன்கூட்டியே தெரியும். கூத்துப் பழகிய இளைஞர் ஒருவரிடம் கமெராவைக் கொடுப்பது இதனால்தான் பயன்தரும்.

மங்கலும் புள்ளியும் ஒன்றல்ல. ஆட்டத்தால் கலைந்த முகத்தைப் பின்னர் எவ்வகையிலும் மீட்க முடியாது. புள்ளி விழுந்த முகத்தை ஓரளவு மீட்கலாம். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டிவந்தால் புள்ளியையே தெரிவுசெய்ய வேண்டும். கமெராவின் பின்புறத்துச் சிறு திரையை நம்பி முடிவெடுக்கவும் கூடாது. இருட்டில் அத்திரை எந்தப் படத்தையும் வெளிச்சமாகவே காட்டும்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி வெளிச்சத்தைக் கூட்டுவது. தனி மின்குமிழ் ஒன்றை ஆளிலிருந்து நான்கு மீற்றரில் தொங்கவிடுவதற்குப் பதிலாக இரண்டு மீற்றரில் தொங்கவிட்டால், அதிலிருந்து அவர்மீது விழும் ஒளி நான்கு மடங்காகும். ஐ.எஸ்.ஓ. 1600இல் எடுக்கவேண்டியதை அப்போது 400இல் எடுத்துவிடலாம். சங்கக் கூட்டங்களில் இதைச் செய்ய எவரும் தடைசொல்லப் போவதில்லை. களரியில் அண்ணாவியாரின் சம்மதம் வேண்டும். மஞ்சள் ஒளி தரும் பழைய குண்டு மின்குமிழைவிட வெள்ளொளி உகந்தது. மஞ்சள் ஒளியில் நீலம் மிகக் குறைவு. கமெரா அந்த நீலத்தைப் பெருக்கி நிறத்தைச் சரிசெய்ய முனையும்போது நிழல்கள் நீலப் புள்ளிகளால் நிறைந்துவிடும்.

எடுத்த பின்னர்

படங்களை 'றோ' எனப்படும் பதப்படுத்தாத வடிவில் சேமிக்குமாறு கமெராவை அமைத்துக்கொள்ள வேண்டும். 350டியின் றோ கோப்பு ஒவ்வொரு புள்ளியிலும் 4,096 ஒளிப்படிகளைப் பதிகிறது. வழமையான ஜேபெக் கோப்பில் இருப்பவை 256 மட்டுமே. இடம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மைதான்.

அடுத்து, கணனித் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து மனம் நோகவேண்டியதில்லை. 6 அங்குலத்துக்கு 4 அங்குல அச்சுப் படத்துக்கு இருபது இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான புள்ளிகள் போதும். சுருக்கும்போது கமெராவின் ஏறத்தாழ நான்கு புள்ளிகள் ஒன்றாகச் சேர்வதால் இரைச்சல் பாதியாகிறது. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிறப்புள்ளிகள் மறைந்து, எஞ்சியவை பழைய பிலிம் படத்தின் மணல்தன்மை போலத் தோன்றும். சஞ்சிகைக்கு அனுப்புவதற்கு அது தாராளமாகப் போதும்.

இரைச்சலைக் குறைக்க டார்க்ரேபிள், றோதெரப்பி போன்ற மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடந்த சில ஆண்டுகளில் வந்துள்ள, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் மென்பொருட்கள் இருபது வருடத்துக்கு முந்திய றோ கோப்புக்களைக் கூட வியக்கத்தக்க விதத்தில் சுத்தப்படுத்துகின்றன. அன்று பயனற்றது என்று ஒதுக்கியதை இன்று அச்சிடலாம். ஆனால் இவற்றில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தகவல் இல்லாத இடத்தில் இம்மென்பொருட்கள் ஊகித்து நிரப்புகின்றன. தூரத்தில் நிற்கும் ஒருவரின் முகம் தெளிவாக வரும். அது அவருடைய முகமாக இல்லாமலும் போகலாம். ஆகவே மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் நீக்காமல், சுத்தப்படுத்திய பிரதியை வேறு பெயரில் வைத்து, எந்த மென்பொருளால் திருத்தப்பட்டது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். மூலக் கோப்புக்களை வெவ்வேறு வீடுகளில் இரண்டு தட்டுக்களில் வைத்திருப்பது நல்லது.